குழந்தையின் கண்மட்டத்தில் தேவாலயம்: உள்ளமைப்பு மாற்றங்கள் குறித்த ஒரு திறனாய்வு

இங்கிலாந்துத் திருச்சபையின் பொறுப்பிலுள்ள ஏறத்தாழ 16,000 ஆலயங்களில் 12,000க்கும் மேற்பட்டவை, கட்டடக்கலைச் சிறப்பும் வரலாற்று மதிப்பும் கருதிச் சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. அவற்றுள் பலவற்றில் கடந்த சில பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே வகையான மாற்றம் நிகழ்ந்துவருகிறது. ஆலயத்தின் பின்பகுதியில் தரையோடு பொருத்தப்பட்டிருந்த மரப் பெஞ்சுகள் அகற்றப்படுகின்றன. தரை சமப்படுத்தப்பட்டு, அதனடியில் வெப்பமூட்டும் குழாய்கள் பதிக்கப்படுகின்றன. கழிவறையும் சிறு சமையலறையும் கட்டப்படுகின்றன. ஒரு மூலையில் விரிப்பும் தாழ்ந்த மேசையும் படப்புத்தகங்களும் வைக்கப்பட்டு, அது குழந்தைகளுக்கான இடமென அறிவிக்கப்படுகிறது. இவற்றுக்கு அனுமதி கோரும் சபைகள் சொல்லும் காரணங்களுள் முதன்மையான ஒன்று, சிறு குழந்தைகளுடன் வரும் குடும்பங்களை ஆலயம் வரவேற்க வேண்டும் என்பதாகும். அந்த நோக்கத்தை ஐயுறுவதற்கு இடமில்லை. எனினும், வரவேற்கப்படுவது குழந்தையா, குழந்தையால் சங்கடப்படும் பெற்றோரா, குழந்தையின் சத்தத்தால் இடையூறுக்குள்ளாகும் மற்றவர்களா என்ற கேள்வியை எழுப்பாமல் இந்த மாற்றங்களை மதிப்பிட இயலாது. ஏனெனில் இம்மூவரின் தேவைகளும் ஒன்றல்ல. ஒருவருக்கு நன்மை செய்யும் அமைப்பு மற்றவருக்கு எதிராகவே அமைந்துவிடுவதும் உண்டு.

அகற்றப்படும் பெஞ்சுகள் தொன்றுதொட்டு அங்கேயே இருந்தவை என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் அது முழு உண்மையன்று. 13ஆம் நூற்றாண்டுக்கு முன் பெரும்பாலான ஊர் ஆலயங்களில் மக்கள் அமர்வதற்கென நிலையான இருக்கைகள் இருக்கவில்லை. மக்கள் நின்றும் முழந்தாளிட்டும் வழிபட்டனர். 15ஆம் நூற்றாண்டில் பெஞ்சுகள் பரவின. சீர்திருத்த காலத்துக்குப் பின் நீண்ட பிரசங்கம் வழிபாட்டின் மையமானபோது அவை இன்றியமையாதவையாயின. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வசதிபடைத்த குடும்பங்கள் கதவு வைத்த உயரமான மரப்பெட்டி போன்ற இருக்கைகளைத் தங்களுக்கென அமைத்துக்கொண்டன. பல இடங்களில் இருக்கைகளுக்கு வாடகையும் வசூலிக்கப்பட்டது. 1839இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம் இந்தப் பெட்டி இருக்கைகளுக்கு எதிராகக் கடுமையாகப் போராடியது. இன்று பாதுகாக்கப்பட வேண்டியவை எனப் போற்றப்படும் பெஞ்சுகளில் பெரும்பகுதி, அந்தப் போராட்டத்தை ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் வந்தமர்ந்தவையே. ஆக, இருக்கை அமைப்பு எந்தக் காலத்திலும் வெறும் மரவேலையாக இருந்ததில்லை. யார் யாருக்கு அருகில் அமரலாம், யாருடைய இடம் நிலையானது என்பதை அது தீர்மானித்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் சாதிப் பிரிவினைக்கேற்ப இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டிருந்த ஆலயத்தின் நடுச்சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட வேண்டியிருந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு, ஆலயத்தின் உள்ளமைப்பே ஒரு சமூக ஆணையாகச் செயல்படும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குழந்தைகளுக்கென ஒதுக்கப்படும் இடத்தையும் இதே கண்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கென ஆலயக் கட்டடத்தையே மாற்றியமைத்த முதற்பெரும் முயற்சி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஏக்ரன் நகரில் நடந்தது. 1780இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஓய்வுநாள் பள்ளி, வாரநாட்களில் வேலைக்குச் சென்ற ஏழைச் சிறுவர்களுக்கு எழுத்தறிவும் வேத அறிவும் புகட்டும் இயக்கமாக விரைந்து பரவியிருந்தது. அதற்கேற்ற கட்டடத்தை, ஏக்ரனின் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த லூயிஸ் மில்லர் என்னும் தொழிலதிபர், கட்டடக் கலைஞர்களுடன் சேர்ந்து 1860களின் பிற்பகுதியில் உருவாக்கினார். அரைவட்ட வடிவக் கூடத்தைச் சுற்றி இரண்டு தளங்களில் சிறு வகுப்பறைகள் அமைந்தன. எல்லா அறைகளும் நடுவிலுள்ள மேடையை நோக்கித் திறந்தன. தொடக்க வழிபாட்டின்போது கதவுகள் திறந்திருக்கும். பள்ளியின் கண்காணிப்பாளர் ஒரே இடத்தில் நின்று எல்லாக் குழந்தைகளையும் பார்க்கலாம், எல்லாக் குழந்தைகளும் அவரைப் பார்க்கலாம். பின்னர் கதவுகள் மூடப்பட்டு வகுப்புகள் நடக்கும். முடிந்ததும் மீண்டும் திறக்கப்படும். எல்லா வயதினரும் ஒரே ஞாயிறில் ஒரே வேதப்பகுதியைப் படிக்கும் பொதுப் பாடத்திட்டம் 1872இல் ஏற்கப்பட்டபோது, அதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இவ்வமைப்பு பொருந்தியது. அமெரிக்காவில் மிகப் பல ஆலயங்கள் இதைப் பின்பற்றின.

இதன் சிறப்பு, கூடுதலையும் பிரிதலையும் ஒரே கட்டடத்துக்குள் ஒரே மணி நேரத்துக்குள் நிகழ்த்த முடிந்ததில் இருக்கிறது. குழந்தை தன் வயதுக்கேற்பக் கற்றது. எனினும் தன்னைவிடப் பெரியதொரு கூட்டத்தின் உறுப்பு என்பதை ஒவ்வொரு வாரமும் கண்ணால் கண்டது. ஆனால் அதே கட்டடத்தின் குறையும் இந்தக் கச்சிதத்திலேயே ஒளிந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயதுவாரியாகத் தனித்தனிப் பாடங்கள் வெளியாகத் தொடங்கியதும், எல்லோரும் சேர்ந்து தொடங்கி எல்லோரும் சேர்ந்து முடிக்கும் தேவை மறைந்தது. மெல்லிய மடக்குக் கதவுகள் வழியே பக்கத்து அறையின் சத்தம் கேட்பது பெருங்குறையாகத் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்குள், கல்வியாளர்கள் போற்றிய வடிவம் கல்வியாளர்களாலேயே கைவிடப்பட்டது. பின்வந்த தலைமுறைகள் பல இடங்களில் மடக்குக் கதவுகளை நிலையாக மூடின. அந்த அறைகள் பொருள் போட்டுவைக்கும் இடங்களாயின. குழந்தை வளர்ப்பு பற்றிய ஒரு காலத்தின் கொள்கையைச் சுவராகக் கட்டிவிட்டால் கொள்கை மாறும்போது சுவர் நின்றுவிடுகிறது என்பதை ஏக்ரன் அமைப்பைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது. இன்று குழந்தைகளின் பெயரால் பெருஞ்செலவில் மாற்றங்கள் செய்யும் சபைகள் இந்த வரலாற்றை ஏறிட்டும் பார்ப்பதாகத் தெரியவில்லை என்பது வருந்தத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆலயங்களில் பரவிய மற்றொரு தீர்வு அழுகை அறை எனப்படும் கண்ணாடி அறையாகும். ஆலயத்தின் பின்புறத்தில் ஒலி வெளியேறாதவாறு கண்ணாடியால் அடைக்கப்பட்ட இவ்வறையில், கைக்குழந்தையுடன் வரும் தாய் அமர்ந்து ஒலிபெருக்கி வழியாகத் திருப்பலியைக் கேட்கலாம். பாலூட்டவும் அழும் குழந்தையைத் தேற்றவும் ஓரிடம் வேண்டும் என்ற தேவை உண்மையானது. ஓரிரு நிமிடம் ஒதுங்கி நிற்க இடமில்லாத பெற்றோர் வாசலுக்கு வெளியே மழையிலோ பனியிலோ நிற்க வேண்டியிருந்ததை எண்ணினால், இவ்வறையை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஆயினும் அறை இருக்கிறது என்பதே, அழாத குழந்தையையும் அங்கே அனுப்பும் மறைமுக அழுத்தமாக மாறிவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்திருப்பவருக்கு வழிபாடு ஒரு காட்சியாகிறது; சேர்ந்து பாடும் குரல்களின் அதிர்வு அங்கே எட்டுவதில்லை; பதிலுரை சொல்ல வேண்டியவர் கேட்பவராக மட்டும் ஆகிறார். வழிபாட்டில் மக்கள் அனைவரும் முழுமையாகவும் உணர்வோடும் செயலூக்கத்தோடும் பங்கேற்க வேண்டுமென 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்திய பிறகும், குழந்தைகளுடனான திருப்பலிக்கென 1973இல் ரோமிலிருந்து தனி வழிகாட்டு நூலே வெளிவந்த பிறகும், இவ்வறைகள் தொடர்ந்து கட்டப்பட்டன. கொள்கையும் கட்டடமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சென்றதற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான சிந்தனை மரியா மாண்டிசோரியிடமிருந்து வந்தது. பார்சிலோனாவில் அவருடைய கல்விமுறையைப் பின்பற்றிய பள்ளியில் 1910களின் நடுவில் குழந்தைகளுக்கென ஒரு சிற்றாலயம் அமைக்கப்பட்டபோது, நாற்காலிகளும் தீர்த்தத் தொட்டியும் குழந்தையின் உயரத்துக்கேற்ப வடிவமைக்கப்பட்டன. அவரது வழியில் சோஃபியா கவல்லேட்டி என்னும் வேத அறிஞரும் ஜியான்னா கோபி என்னும் மாண்டிசோரி ஆசிரியையும் 1954இல் ரோமில் தொடங்கிய மறைக்கல்வி முறையில், வழிபாட்டின் பொருட்கள் அனைத்தும் சிறு அளவில் செய்து வைக்கப்பட்ட ஏட்ரியம் என்னும் தனியறை மையமாக அமைந்தது. அங்கே குழந்தை சிறு பீடத்தில் துணி விரிக்கிறது, மெழுகுவர்த்தி ஏற்றுகிறது, கிண்ணத்தை அதற்குரிய இடத்தில் வைக்கிறது. ஒவ்வொன்றின் பெயரையும் கையால் தொட்டு அறிகிறது. பயன்படுத்தப்படுபவை உண்மையான மரமும் உலோகமும் கண்ணாடியும் ஆகும். கீழே விழுந்தால் உடையக்கூடியவை என்பதாலேயே குழந்தை அவற்றைக் கவனத்தோடு கையாளக் கற்கிறது. குழந்தைக்குப் பொம்மை போதும் என்ற எளிய முடிவை இம்முறை மறுத்தது பெரும் முன்னேற்றம். ஆனால் ஏட்ரியமும் தனியறையே. அங்கே கற்றதைப் பெரியவர்களின் ஆலயத்துக்குள் கொண்டுசெல்லும் வழி திறந்திருந்தால்தான் அதன் பயன் முழுமையடையும். அந்த வழி திறக்காத இடங்களில் குழந்தை, சிறிய பீடத்தை நன்கறிந்தும் பெரிய பீடத்தை அறியாமலும் வளர்ந்துவிடுகிறது.

2010களில் அமெரிக்க லூத்தரன் சபைகளிடையே கவனம் பெற்று மற்றச் சபைகளுக்கும் பரவிய அமைப்பு, இந்தத் தடையைத்தான் உடைக்க முயல்கிறது. மின்னசோட்டா மாநிலத்தின் ஆப்பிள் வேலி ஊரிலுள்ள கிரேஸ் லூத்தரன் ஆலயத்தில் செய்யப்பட்டதுபோல, வழிபாட்டுக் கூடத்துக்குள்ளேயே, அதுவும் பின்மூலையில் அல்லாமல் முன்வரிசைக்கு முன்பாக, சிறு மேசைகளும் மெத்தென்ற பொம்மைகளும் வரைதாள்களும் கொண்ட ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. செபத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை இணைத்து அதைப் பிரேகிரவுண்டு என்று அழைக்கின்றனர். இதன் வலிமையை அளவுகோலைக் கொண்டே நிறுவலாம். நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 100 சென்டிமீட்டர். பெஞ்சில் அமர்ந்தால் அதன் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்தான். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் தோளே அதற்கு மேலாக உயர்கிறது. பாடுவதற்காக எல்லோரும் எழுந்து நின்றால், குழந்தையைச் சுற்றிக் கோட்டுகளின் பின்புறமும் கைப்பைகளும்தான். ஒரு மணி நேரம் எதையும் காணாமல் அடங்கியிருக்குமாறு சொல்லப்படும் குழந்தை நெளிவதும் சிணுங்குவதும் ஒழுக்கக்கேடு ஆகாது. அது அந்த இடத்துக்கு அக்குழந்தை தரும் நேர்மையான பதிலாகும். முன்னே அமர்த்தப்பட்டால், அப்பம் பிட்கப்படுவதையும் தண்ணீர் ஊற்றப்படுவதையும் அது மூன்றடித் தொலைவில் காண்கிறது. கையில் வண்ணக்கோல் இருந்தாலும் காது திறந்தே இருக்கிறது. பெஞ்சுகளை ஒரு வரிசை மட்டும் நகர்த்தி, சில நூறு டாலர்களில் இதைச் செய்துவிட முடிவதும், தேவை மாறினால் ஒரே நாளில் மீண்டும் மாற்றிவிட முடிவதும் குறிப்பிடத்தக்க நன்மைகள்.

குறைகளும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு இதமான இடம் பத்து வயதுச் சிறுமிக்கு அவமானமாகத் தோன்றும்; இரண்டுக்கும் நடுவிலுள்ளவர்களைப் பற்றி இவ்வமைப்பு மௌனம் காக்கிறது. எல்லோர் பார்வையிலும் படும் இடத்தில் அமர்ந்திருக்கும் குழந்தை, சபையாருக்கு ரசனைப் பொருளாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கூச்சமுள்ள குழந்தைக்கும், சத்தத்தையும் பார்வைகளையும் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் முன்வரிசை தண்டனையாக அமையக்கூடும். எல்லாவற்றிலும் முக்கியமானது அங்கே வைக்கப்படும் பொருட்களின் தேர்வு. சத்தமிடும் பிளாஸ்டிக் வண்டிகளும் தொலைக்காட்சிக் கதாபாத்திரங்களின் பொம்மைகளும் குவிந்திருக்கும் மூலை, நடப்பதற்கும் குழந்தைக்கும் தொடர்பில்லை என்பதையே அறிவிக்கிறது. மாறாக, நோவாவின் பேழையோ, துணியால் செய்த பீட விரிப்புகளோ, அந்தந்தத் திருநாளுக்குரிய நிறத்தில் மாற்றி விரிக்கும் சிறு கம்பளமோ இருக்குமானால், விளையாட்டே வழிபாட்டின் பக்கத்து வாசலாகிறது. பல சபைகளில், வீட்டில் வேண்டாமென ஒதுக்கிய பொம்மைகளே ஆலயத்துக்கு நன்கொடையாக வந்து சேர்கின்றன. பீடத்துக்கு வெள்ளிக் கிண்ணமும் குழந்தைக்குக் கால் ஒடிந்த பொம்மையும் என்ற ஏற்பாட்டில், சபை குழந்தையை எவ்வளவு மதிக்கிறது என்பது எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது.

கட்டடம் முழுவதையும் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கைக்குத் திறந்துவிடும் துணிச்சலான முயற்சிக்கு, லண்டனின் மேற்கு ஹாம்ஸ்டெட் பகுதியிலுள்ள புனித யாக்கோபு ஆலயம் சிறந்த சான்று. 1880களில் ஆர்தர் புளோம்ஃபீல்டு வடிவமைத்த இவ்வாலயத்தின் உள்ளே 2014 முதல் அஞ்சலகமும் உணவகமும், கட்டணம் செலுத்திச் சிறு குழந்தைகள் விளையாடும் மெத்தைக் கூடமும் இயங்கத் தொடங்கின. இல்லையேல் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடந்திருக்கக்கூடிய கட்டடம் திறந்திருக்கிறது. கடிதம் அனுப்ப வந்த முதியவரும் குழந்தையை விளையாட விட்டுத் தேநீர் அருந்தும் இளம் தாயும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கின்றனர். வருமானத்தால் கட்டடமும் சமூகப் பணியும் தாங்கப்படுகின்றன. ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்கவே தயங்கும் ஒருவருக்கு அந்தத் தயக்கம் இங்கே தகர்ந்துபோகிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் திறனாய்வாளர் இங்கே ஒரு வேறுபாட்டைக் கண்டாக வேண்டும். மெத்தைக் கூடத்தில் குழந்தை, ஆலயத்தைப் பார்ப்பதில்லை. வண்ண வலைகளுக்குள் இருந்து அது காண்பது எந்த வணிக வளாகத்திலும் காணக்கூடியதையே. அது கட்டடத்தைப் பிழைக்கவைக்கும் நல்ல ஏற்பாடு, அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் நல்ல தொண்டு. அதையே குழந்தைகளை வழிபாட்டுக்கு வரவேற்கும் ஏற்பாடாகவும் கணக்கெழுதுவது பொருந்தாது. இரண்டு நன்மைகளையும் தனித்தனியே மதிப்பிடுவது இரண்டுக்குமே நீதி செய்வதாகும்.

2019ஆம் ஆண்டு கோடையில் இரண்டு பேராலயங்களில் நடந்தவை பெரும் சர்ச்சையைக் கிளப்பின. நாரிச் பேராலயத்தின் நடுக்கூடத்தில் ஏறத்தாழ 17 மீட்டர் உயரமுள்ள சுழல் சறுக்குமரம் நிறுவப்பட்டது. ராச்செஸ்டர் பேராலயத்தில் பாலங்களின் மாதிரிகளோடு ஒன்பது குழிகள் கொண்ட சிறு கோல்ஃப் திடல் அமைக்கப்பட்டது. புனித இடம் கேளிக்கைக் கூடமாகிவிட்டதென்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்டித்தவர்கள் பலர். ஆனால் நாரிச்சின் ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. அப்பேராலயத்தின் கல் கூரையில், வளைவுகள் கூடும் முடிச்சுகளில், படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான வேதக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. கட்டடம் முழுவதுமாக அத்தகைய செதுக்கல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தரையில் நிற்பவருக்கு அவை வெறும் புள்ளிகள். சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறியவர், சறுக்குவதற்கு முன் அவற்றை அருகில் காண முடிந்தது. விளையாட்டு, கட்டடத்தைக் காணும் வழியானது. சில நாட்களில் அது சுவடின்றி அகற்றவும்பட்டது. கோல்ஃப் திடலுக்கும் அந்த இடத்துக்கும் இருந்த தொடர்பு அவ்வளவு வலுவானதன்று. பாலங்களைப் பற்றி அது கற்பித்ததை வேறெந்தக் கூடத்திலும் கற்பித்திருக்கலாம்.

பெஞ்சா, தனி நாற்காலியா என்ற பூசலில் குழந்தையின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. குழந்தையின் அனுபவம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அடுக்கி வைக்கக்கூடிய நாற்காலிகள் கூடத்தைக் காலியாக்கவும் வட்டமாக அமரவும் உதவும். சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் எங்கும் நிறுத்தலாம். இவை கண்கூடான நன்மைகள். ஆனால் நாற்காலி ஓர் உடலுக்கு ஓர் இடம் என்று வகுத்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் கால்கள் அதில் அந்தரத்தில் தொங்குகின்றன. பெஞ்சிலோ குழந்தை தாய்க்கும் தந்தைக்கும் நடுவே நகர்ந்து நகர்ந்து அமரலாம், பிரசங்கத்தின்போது தாயின் மடியில் தலைவைத்துப் படுக்கலாம், இருக்கையின் மீதேறி நின்று பார்க்கலாம். நான்கு பேர் இடத்தில் ஆறு பேர் நெருங்கிக்கொள்ளலாம். மெத்தை தைத்த நாற்காலிகளும் தரைவிரிப்புகளும் ஒலியை உறிஞ்சுவதால், சபையார் சேர்ந்து பாடும்போது எழும் கார்வை குன்றுகிறது. சொல் புரியாத வயதிலும் குழந்தையைப் பற்றி இழுப்பது பெரும்பாலும் அந்தக் கார்வைதான். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயக் கட்டடங்களுக்கான மன்றம் மெத்தை தைத்த நாற்காலிகளைத் தவிர்த்து நல்ல மர இருக்கைகளையே பரிந்துரைப்பது, பழைமைப் பற்றினால் மட்டும் சொல்லப்பட்டதாகக் கருதப்படக் கூடாது.

பழைய பொருட்கள் குழந்தைகளுக்குப் பகையானவை என்ற முற்கோளும் ஆய்வுக்கு நிற்பதில்லை. கார்ன்வால் கடலோரத்திலுள்ள செனார் ஆலயத்தில், கையில் சீப்பும் கண்ணாடியும் ஏந்திய கடற்கன்னி ஒரு பெஞ்சின் பக்கப்பலகையில் செதுக்கப்பட்டிருக்கிறாள்; சோமர்செட்டின் பிரென்ட் நால் ஆலயத்துப் பெஞ்சுகளில், மடத்துத் தலைவரின் உடையணிந்த நரியொன்று வாத்துகளுக்குத் தலைமை தாங்குவதும் பின்னர் பிடிபடுவதும் கதையாகவே விரிகின்றன. இவை அமைந்திருப்பது பெரியவரின் முழங்கை உயரத்தில், அதாவது குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் நேராக. நூற்றாண்டுகளாகச் சிறு விரல்கள் தடவிச் செல்வதற்கு வாய்ப்பான இத்தகைய செல்வத்தை வைத்துக்கொண்டே, கடையில் வாங்கிய சுவரொட்டிகளால் சுவரை அலங்கரிக்கும் ஆலயங்கள் இருக்கின்றன. எதையும் அகற்றாமலும் எதையும் கட்டாமலும், இருப்பதைக் குழந்தைக்குக் காட்டிக் கதை சொல்ல ஒருவரை நியமிப்பதே பல ஊர்களில் மிகச் சிறந்த உள்ளமைப்பு மாற்றமாக இருக்கும்.

இவ்வளவும் சொன்னபின், கழிவறையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பெரும் அநீதியாகும். குழாய்த் தண்ணீரே இல்லாத இடைக்கால ஆலயங்கள் இன்றும் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் இருக்கின்றன. பனிக்காலத்தில், ஈரத்துணி மாற்ற இடமில்லாத, நான்கு வயதுக் குழந்தை அவசரமென்றால் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டிய கட்டடத்துக்குள், எவ்வளவு அன்பான சபையும் ஒரு குடும்பத்தை வாராவாரம் வரவழைக்க இயலாது. வெப்பம், வெளிச்சம், படியில்லாத வாசல், துணி மாற்றும் பலகையுடன் கூடிய கழிவறை ஆகியவை மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியவை. ஆனால் இவை தடைகளை நீக்குபவை. வரவுக்கான காரணத்தை இவை உண்டாக்குவதில்லை. ஞாயிறு காலையின் விளையாட்டுப் போட்டிகள், வார இறுதியிலும் வேலை, பிரிந்து வாழும் பெற்றோரிடையே பங்கிடப்படும் குழந்தையின் நாட்கள் போன்றவற்றை எந்தத் தரைச் சீரமைப்பும் மாற்றாது. 2004இல் போர்ட்ஸ்மத் அருகே லூசி மூர் தலைமையில் ஒரு சபை தொடங்கிய மெஸ்ஸி சர்ச் என்னும் இயக்கம், கைவேலையும் சிறு வழிபாடும் சேர்ந்துண்ணும் உணவும் கொண்ட கூடுகையாகப் பல நாடுகளுக்குப் பரவியதற்குக் காரணம், கட்டடத்துக்கு முன் நேரத்தையும் முறையையும் அது மாற்றியதேயாகும்.

மாற்றத்துக்கு அனுமதி வழங்கும் சட்டமுறையும் இங்கே கருதத்தக்கது. இங்கிலாந்தில் ஆலயத்துக்குள் ஒரு பெஞ்சை நிரந்தரமாக அகற்றுவதற்கும் அந்தந்தப் பேராயத்தின் திருச்சபை நீதிமன்றம் வழங்கும் ஃபேக்கல்ட்டி என்னும் ஆணை வேண்டும். டெர்பிஷயர் மாவட்டத்தின் டஃபீல்டு ஆலயத்தில் பீடப்பகுதியின் மறைப்புத் திரையை இடம் மாற்றுவது தொடர்பான வழக்கில், ஆர்ச்சஸ் நீதிமன்றம் எனப்படும் மேல்முறையீட்டு மன்றம் 2012இல் வகுத்த கேள்விகளே அன்றுமுதல் வழிகாட்டிகளாக உள்ளன: கட்டடத்தின் சிறப்புக்குத் தீங்கு நேருமா, நேருமானால் எவ்வளவு, அதற்குச் சொல்லப்படும் காரணம் எவ்வளவு தெளிவானது, கிடைக்கும் பொதுநன்மை அத்தீங்கைவிட மிகுந்ததா என்பன அவற்றின் சாரம். பழைமைப் பாதுகாவலருக்கும் மாற்றம் விரும்பும் சபைக்கும் இடையே நியாயமான தராசு இது. எனினும் தராசின் ஒரு தட்டில் வைக்கப்படும் தீங்கை வல்லுநர்கள் அங்குலம் அங்குலமாக அளந்து எழுதுகின்றனர். மறுதட்டில் வைக்கப்படும் குடும்பங்களின் நன்மையோ பெரும்பாலும் நம்பிக்கையின் அடிப்படையில் சொல்லப்படுவதாகவே இருக்கிறது. குழந்தைகள் பெயரளவில் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றனர். அவர்கள் எங்கே அமர விரும்புகின்றனர், எதைப் பார்க்கின்றனர், எந்தத் தருணத்தில் எழுந்து ஓடுகின்றனர் என்ற கண்காணிப்பு, வழக்கில் எடைபோடப்படும் சான்றாக வருவது அரிது.

குடும்பம் என்ற அளவுகோலே சிலரை வெளியே நிறுத்துகிறது என்பதும் உண்மை. துணையை இழந்தவர், குழந்தையில்லாதவர், குழந்தையைப் பறிகொடுத்தவர், அமைதி ஒன்றுக்காகவே வருபவர் ஆகியோரும் அதே கூடத்தில்தான் அமர்கின்றனர். கூடம் முழுவதும் சிறுவர் ஓவியங்களும் குடும்பப் புகைப்படங்களும் நிறைந்த ஆலயத்தில் அவர்களுக்குரிய இடம் எது என்பதற்கு வடிவமைப்பாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பக்கக்கூடம் ஒன்றை அமைதிக்கென விட்டுவைப்பது, குழந்தைகளின் இடத்தை முன்னே கொண்டுவரும் அதே திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பல கிராமச் சபைகளில், பாயோ சமுக்காளமோ விரித்த தரையில் குழந்தைகள் பீடத்துக்கு மிக அருகில் முன்னால் அமர, பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னே அமரும் வழக்கம் இன்றும் உண்டு. தூங்கும் குழந்தையை அங்கேயே கிடத்தலாம், தவழும் குழந்தை நாலு பேர் கையில் மாறலாம். யாருடைய பார்வையும் மறைவதில்லை. மேலைநாட்டுச் சபைகள் பெரும்பொருள் செலவிட்டுத் தேடும் ஒன்றை இச்சபைகள் வறுமையின் காரணமாகவே நெடுங்காலம் காத்துவந்துள்ளன. வசதி வந்ததும் அவை முதலில் வாங்குவது நிலையான பெஞ்சு வரிசைகளாக இருப்பது எண்ணிப்பார்க்க வேண்டியதாகும். முழங்கால் வலியால் தரையில் அமர முடியாத முதியோருக்குப் பின்னே பெஞ்சுகள் தேவை; அதற்காக முன்பகுதியின் வெறுந்தரையையும் நிரப்பிவிட வேண்டியதில்லை.

இங்கிலாந்துத் திருச்சபையின் விதிகளில் பயன்மிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது: பேராயரின்கீழ்ப் பணியாற்றும் ஆர்ச்டீக்கன், கட்டடத்துக்குச் சேதம் விளைவிக்காத, எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய சிறு மாற்றங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்துபார்க்க உரிமம் தரலாம். இந்தச் சோதனைக் காலத்தைப் பல சபைகள், ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குச் சபையாரைப் பழக்கும் காலமாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. அதைக் குழந்தைகளைக் கவனிக்கும் காலமாக மாற்றுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முதல் சில மாதங்கள் பின்மூலையிலும் அடுத்த சில மாதங்கள் பீடத்தருகிலும் குழந்தைகளை அமர்த்திப் பார்க்கலாம். ஞானஸ்நானம் நடக்கும் ஞாயிறுகளில் அவர்களைத் தொட்டியைச் சுற்றி நிற்கவைக்கலாம். காணிக்கை எடுப்பதிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவதிலும் பெரிய சிறுவர்களுக்குப் பொறுப்பு தரலாம். ஒவ்வொரு நிலையிலும் யார் வந்தனர், யார் வராமற்போயினர், எந்த இடத்தில் எந்த வயதுக் குழந்தை நிலைகொண்டது என்பதைக் குறித்து வைத்து, பெஞ்சுகளைக் கழற்ற அனுமதி கேட்கும் மனுவோடு அக்குறிப்பையும் நீதிமன்றத்தின்முன் வைக்கலாம்.